வண்டிக்கு ஒரு பேட்டரி, விளக்குக்கு ஒரு பேட்டரி

கேள்வி: ‘‘60 தேனீப் பெட்டிகள் வைத்திருக்கிறேன். தை பிறந்ததும் பெட்டிகளைக் குட்டியானையில் ஏற்றிக்கொண்டு கேரளாவில் ரப்பர் தோட்டங்களுக்குப் போவோம். இரண்டு, மூன்று மாதம் அங்கேயே தங்கல். பெட்டிகளை இறக்கிவிட்டு, வண்டிக்குள்ளேதான் படுக்கை. விளக்கு, சின்ன ஃபேன், செல்போன் சார்ஜ் எல்லாம் வண்டி பேட்டரியில் ஓடுகிறது. போன வருடம் இடம் மாற்றுவதற்காக ராத்திரி பெட்டி வாசல்களை அடைத்து ஏற்றிய பிறகு செல்ஃப் எடுக்கவில்லை. ஆள் பிடித்துத் தள்ளி ஸ்டார்ட் செய்வதற்குள் வெயில் ஏறிவிட்டது. 9 பெட்டிகளில் ஈக்கள் புழுங்கிச் செத்தன. ஒன்றரை வருடத்தில் இரண்டு பேட்டரி மாற்றிவிட்டேன். ‘இன்னொரு பேட்டரி வாங்கிப் பழையதோடு சேர்த்துக் கட்டிவிடலாம்’ என்கிறார் எலெக்ட்ரீசியன். செய்யலாமா?’’

- வாசகர், மார்த்தாண்டம்.

பதில்: இன்னொரு பேட்டரி வாங்குங்கள். ஆனால், பழையதோடு சேர்த்துக் கட்டாதீர்கள்.

வண்டி பேட்டரி, செல்ஃப் மோட்டாரைச் சுற்றுவதற்கென்றே செய்யப்பட்டது. சில விநாடிகளில் நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்ட வேண்டும் என்பதால், உள்ளே மெல்லிய தகடுகளை நிறைய அடுக்கியிருப்பார்கள். கொடுத்த மின்சாரம் கொஞ்சம்தான்; வண்டி ஓடத் தொடங்கியதும் டைனமோ அதைத் திருப்பிக் கொடுத்துவிடும். இப்படி எப்போதும் நிறைந்தே இருந்தால்தான் அதற்கு ஆயுள். அதில் ராத்திரி முழுக்க ஃபேன் ஓட்டுவது, ஜல்லிக்கட்டுக் காளையை ஏரில் பூட்டுவது போல. நாலைந்து தடவை அடிவரை வற்றினாலே தகடு கெட ஆரம்பித்துவிடும். உங்கள் பேட்டரிகள் அற்ப ஆயுளில் போனதற்குக் கம்பெனியைக் குறை சொல்லிப் பயனில்லை.

விளக்குக்கும் ஃபேனுக்கும் வேண்டியது, வீட்டு இன்வெர்ட்டருக்கு வைக்கிறோமே, அந்த டியூபுலர் வகை. தடித்த தகடு. மெதுவாகக் கொடுக்கும், தினமும் இறங்கி ஏறினாலும் தாங்கும். அதையும் பாதிக்கு மேல் இறக்காமல் பார்த்துக்கொண்டால் சில வருடங்கள் உழைக்கும்.

எவ்வளவு பெரியது வாங்குவது? 5 வாட் எல்.இ.டி இரண்டு, 5 மணி நேரத்துக்கு 50 வாட்-மணி. 20 வாட் ஃபேன் 8 மணி நேரத்துக்கு 160. செல்போன் இரண்டுக்கும் 30 வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 240. இதை 12 வோல்ட்டால் வகுத்தால் 20 ஏ.ஹெச். பாதிதான் எடுக்கலாம் என்றால் 40 ஏ.ஹெச் வேண்டும். ஒருநாள் மேகம் போட்டாலும் சமாளிக்க 80 முதல் 100 ஏ.ஹெச் வரை போதும். இந்தக் கணக்கு 12 வோல்ட்டில் நேரடியாக ஓடும் ஃபேனுக்கும் பல்புக்கும்தான். இன்வெர்ட்டர் வைத்து வீட்டு ஃபேனை ஓட்டினால், அந்தப் பெட்டியே தன் பங்குக்குக் கொஞ்சம் தின்னும்.

இனி, சேர்த்துக் கட்டும் விஷயம். பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ் நிரந்தரமாக இணைத்துவிட்டால், இரண்டும் ஒரே பேட்டரி மாதிரிதான். ராத்திரி ஃபேன் ஓடும்போது இரண்டும் சேர்ந்தே வற்றும். காலையில் செல்ஃப் எடுக்காது. கூடுதலாக ஒரு பேட்டரிக்குச் செலவு செய்தும் அதே இடத்தில்தான் நிற்பீர்கள். இரண்டுக்கும் நடுவில் வோல்டேஜ் பார்த்து வேலை செய்யும் ரிலே ஒன்றைப் போடச் சொல்லுங்கள். இன்ஜின் ஓடி, வோல்டேஜ் 13.3 வாக்கில் ஏறியதும் அது இரண்டையும் இணைக்கும். இன்ஜினை நிறுத்தி 12.8 வாக்கில் இறங்கியதும் பிரித்துவிடும். மடை திறந்து மூடுவது போலத்தான். வண்டி பேட்டரியில் இருக்கும் மின்சாரம் ஃபேன் பக்கம் வராது.

வயரில் கஞ்சத்தனம் வேண்டாம். 16 ஸ்கொயர் எம்.எம் செம்பு வயர் போடுங்கள். மெல்லிய வயரில் அரை வோல்ட் வழியிலேயே போய்விடும்; பேட்டரி ஒருநாளும் நிறையாது. அந்த வயரின் இரண்டு முனையிலும், பேட்டரியை ஒட்டியே, 60 ஆம்பியர் ஃபியூஸ் கட்டாயம் இருக்க வேண்டும். பாடியில் உரசி வயர் தோல் உரிந்தால், தீப்பிடிப்பதைத் தடுக்கப் போவது அந்த ஃபியூஸ்தான். சில புதிய வண்டிகளில் டீசல் மிச்சம் பிடிப்பதற்காக டைனமோ வோல்டேஜைக் கம்ப்யூட்டரே ஏற்றி இறக்கும். அப்படிப்பட்ட வண்டிக்கு இந்த ரிலே சரிப்படாது, டி.சி-டி.சி சார்ஜர் என்று தனியாக விற்கிறார்கள், அதுதான் பொருந்தும்.

இத்தனையும் செய்தாலும், இன்ஜினை மட்டும் நம்பி இந்த பேட்டரியை நிறைக்க முடியாது. ஈய பேட்டரி முதல் 80 சதவிகிதம் வரை வேகமாக வாங்கும். மீதி 20-க்குப் பல மணி நேரம் இழுக்கும். கடைக்குப் போய்வரும் அரைமணி நேர ஓட்டம் எந்த மூலைக்கு? அரைகுறை சார்ஜிலேயே வாரக்கணக்கில் கிடந்தால் தகட்டில் சல்ஃபேட் படிந்து இறுகிவிடும். நீங்களோ, வாரக்கணக்கில் வண்டியை நகர்த்தாமல் தங்குகிறவர். அதனால் 100 அல்லது 150 வாட் சோலார் பேனல் ஒன்று அவசியம். நல்ல வெயிலில் 100 வாட் பேனல் நாளுக்கு 300 வாட்-மணி அளவுக்குத் தரும். உங்கள் 240-க்கு அது ஒட்டிக்கு ஒட்டியாகத்தான் இருக்கும். கையில் காசு இருந்தால் 150-ஆகவே வாங்கிவிடுங்கள்.

பேனலை வண்டிக் கூரையில் பொருத்திவிடாதீர்கள். ரப்பரில் நமக்குத் தேன் தருவது பூ அல்ல, இளம் இலைக்காம்பில் உள்ள சுரப்பி என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். இலை உதிர்ந்து நிற்கும்போது தோட்டத்துக்குள் வெயில் விழும். தளிர் விட்டுத் தேன் சுரக்கத் தொடங்கும்போது நிழலும் கூடவே வந்துவிடும். பேனலின் ஒரு மூலையில் நிழல் விழுந்தாலும் உற்பத்தி படுத்துவிடும். 10 மீட்டர் 4 ஸ்கொயர் வயர் வைத்துக்கொண்டு, வண்டி நிழலில் நிற்க, பேனலை மட்டும் வெட்டவெளியில் தெற்குப் பார்த்துச் சாய்த்து வையுங்கள். நடுவில் சார்ஜ் கன்ட்ரோலர் வேண்டும். மாட்டும்போது முதலில் பேட்டரி, அப்புறம் பேனல். கழற்றும்போது முதலில் பேனல். ஃபேன், விளக்கு வயர்களை ஃபியூஸ் வைத்து கன்ட்ரோலரில் ‘லோடு’ என்று போட்டிருக்கும் இடத்தில் கொடுத்தால், பேட்டரி ரொம்ப இறங்கும்போது அதுவே துண்டித்துவிடும். ஆனால், பெரும்பாலான கன்ட்ரோலர்கள் 11 வோல்ட் அருகில்தான் துண்டிக்கும். அதற்குள் பேட்டரி பாதியைத் தாண்டி இறங்கியிருக்கும்.

ஆகவே மல்டிமீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். விடியற்காலையில், வெயில் வருவதற்கு முன், ஃபேனையும் விளக்கையும் நிறுத்திக் கொஞ்ச நேரம் விட்டுப் பாருங்கள். 12.7 என்றால் நிறைவு. 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே வந்தால் அன்று ராத்திரி ஃபேனுக்கு விடுமுறை.

லித்தியம் பேட்டரி எடை குறைவு, 80 சதவிகிதம் வரை எடுக்கலாம். விலை அதிகம், சார்ஜரும் தனியாக வேண்டும். உங்கள் தேவைக்கு டியூபுலரே போதும் என்பது என் அபிப்பிராயம்.

சார்ஜ் ஏறும்போது டியூபுலர் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும். அதனால் படுக்கைக்கு அடியில் வைக்க வேண்டாம். காற்றோட்டமான இடத்தில் நிமிர்த்தி, பட்டை போட்டு இறுகக் கட்டுங்கள். புகைமூட்டி, பீடி எதையும் பக்கத்தில் கொண்டுபோகக் கூடாது. டிஸ்டில்டு வாட்டர் குறைந்தால் சார்ஜ் ஏறிய பிறகு ஊற்றுங்கள். ஆசிட் ஊற்றவே கூடாது. வயரைக் கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில்.

இடம் மாற்றும் ராத்திரிகளில், பெட்டி வாசலை அடைப்பதற்கு முன்பே வண்டியை ஒருமுறை ஸ்டார்ட் செய்து பாருங்கள். எடுக்கவில்லை என்றால், ஜம்பர் கேபிளால் இரண்டாவது பேட்டரியை வண்டி பேட்டரியோடு இணைத்து, 10 நிமிடம் விட்டு செல்ஃப் அடியுங்கள். அப்போதும் எடுக்காவிட்டால், பெட்டிகளைத் தொடாமல் மறுநாள் மெக்கானிக்கைக் கூப்பிடலாம். சீசன் முடிந்து ஊர் திரும்பியதும் இந்த பேட்டரியை மூலையில் போட்டு மறந்துவிடாமல், பேனலை வீட்டு மாடியில் வைத்து அதோடு இணைத்தே விட்டுவிடுங்கள். அடுத்த தை வரை வீட்டு வராந்தாவில் ஒரு விளக்கு எரியட்டும்.