கிராமம் யாருக்காக மாறாமல் இருக்கவேண்டும்?

நகரத்தில் ஜீவனம் செய்கிறவர்களுக்கு, விடுமுறை கிடைத்தால் மலைக்கும் கடற்கரைக்கும் கோயில்களுக்கும் போய்வருவது போதாதென்று, சில காலமாகக் கிராமங்களையும் பார்த்துவர வேண்டும் என்கிற ஆசை பிறந்திருக்கிறது. ஆசை நல்லதுதான், 2011-ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்குப்படி இந்நாட்டு மக்களில் 68.8 சதவீதம் பேர் கிராமவாசிகள் என்னும்போது, மீதிப்பேர் அவர்களைப் போய்ப் பார்ப்பதில் தவறென்ன இருக்கிறது? ஆனால் அப்படிப் போய்த் திரும்புகிறவர்களில் அநேகர் ஒரு குறையைத் தவறாமல் சொல்லுகிறார்கள். "முன்னே இருந்த கிராமம் இல்லை, ஸார், வாசலுக்கு வாசல் கடை போட்டுவிட்டார்கள், ஓட்டு வீட்டின்மேல் டிஷ் ஆண்டெனா, எல்லாம் கெட்டுப்போயிற்று" என்கிறார்கள். கேட்கிறவர்களும் தலையை ஆட்டி ஆமோதிக்கிறார்கள். இந்தக் குறையிலே அநியாயம் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். அதற்கு ஆதாரமாக ஒரே ஒரு கிராமத்தை எடுத்துக்கொள்கிறேன்.

பூரி க்ஷேத்திரத்திலிருந்து புவனேசுவரம் போகிற சாலையில், சந்தன்பூர் என்னும் ஊரண்டை திரும்பிச் சிறிது தூரம் போனால், பார்கவி நதியின் பக்கத்தில், தென்னையும் பனையும் மாவும் பலாவும் சூழ்ந்திருக்க, ரகுராஜ்பூர் என்கிற சிற்றூர் இருக்கிறது. வீடுகள் எதிரெதிராக இரண்டு வரிசை. நடுத்தெருவில் சின்னஞ்சிறு கோயில்கள் ஒரு வரிசை. நூற்றுச் சொச்சம் குடும்பங்கள். அவற்றில் பெரும்பாலானவை, துணியிலும் பனையோலையிலும் சித்திரம் எழுதியோ, வேறு கைவேலை செய்தோ பிழைக்கிற குடும்பங்கள். பட்டசித்திரம் என்று பெயர்பெற்ற அந்தக் கலைக்காகவே, 2000-ஆம் வருஷத்தில் இந்தியத் தேசியக் கலை, பண்பாட்டு மரபு அறக்கட்டளையின் முயற்சியால் இது மரபுக் கிராமமாக அறிவிக்கப்பட்டது. அதுமுதல் பிரயாணிகளின் வரவும் பெருகியது.

அங்கே ஒரு திண்ணையில் பொறுமையாக உட்கார்ந்து கவனிக்கிறவருக்கு, சித்திரத்துக்கு முந்திய வேலையே பெரிய வேலை என்பது பிரத்தியட்சமாகத் தெரியும். உடுத்திப் பழசான பருத்திப் புடவையை இரட்டையாக மடித்து, புளியங்கொட்டையை ஊறவைத்து அரைத்துக் காய்ச்சிய பசையால் ஒட்டி, அதன்மேல் சுண்ணக்கட்டிப் பொடியைப் பசையில் குழைத்துப் பூசி, வெயிலில் உலர்த்தி, முதலில் சொரசொரப்பான கல்லாலும் பிறகு வழவழப்பான கல்லாலும் தேய்த்துத் தேய்த்து, இது துணியா தோலா என்று தொட்டுப் பார்க்கிறவர் மலைக்கும்படி செய்துவிடுகிறார்கள். இவ்வளவும் பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் உழைப்பு. வெண்மைக்குச் சங்கு, கருமைக்கு விளக்குக் கரி, செம்மைக்குச் சாதிலிங்கம், மஞ்சளுக்கு அரிதாரம், நீலத்துக்கு அவுரி, இவை துணியில் ஒட்டிநிற்க விளாம்பிசின் என்று, நம்முடைய பழைய நாட்டுமருந்துக் கடையில் கேட்டால் கிடைக்கக்கூடிய சரக்குகளே அங்கே வர்ணங்களாகின்றன. முதலில் நாற்புறமும் கரைகட்டிவிட்டுப் பிறகுதான் நடுவிலுள்ள உருவங்களுக்கு வருகிறார்கள். கை தேர்ந்தவர்கள் பென்சிலைத் தொடுவதேயில்லை.

இப்படிப்பட்ட கலைஞர் தம் வாசலில் நின்று "வாருங்கள், வந்து பாருங்கள்" என்று கூப்பிட்டால், அது கிராமியப் பண்புக்குக் குறைவென்று நம் பிரயாணி முகம் சுளிக்கிறார். அந்தக் கலையின் சரித்திரத்தைச் சற்றே விசாரித்திருந்தால் சுளித்திருக்க மாட்டார். பூரியில் ஜேஷ்ட மாதத்துப் பௌர்ணமியன்று ஜகந்நாதருக்கும் பலபத்திரருக்கும் சுபத்திரைக்கும் நூற்றெட்டுக் குடம் தீர்த்தத்தால் ஸ்நானம் நடக்கிறது; அதனால் தெய்வங்களுக்கு ஜுரம் கண்டுவிட்டதாகப் பாவித்து, ஏறக்குறைய பதினைந்து நாள் தரிசனத்தை நிறுத்திவைக்கிறார்கள்; அந்நாட்களில் மூலவிக்கிரகங்களுக்குப் பதிலாக ஆராதிக்கப்படுவது சித்திரக்காரர் துணியில் எழுதிக்கொடுத்த பட்டங்கள். இது கோயிலுக்குச் செய்த கைங்கரியம். ஆனால் கைங்கரியத்தால் மட்டும் சித்திரக்காரர் வீட்டு அடுப்பு எரிந்துவிடவில்லை. நெடுந்தூரம் நடந்து வந்த யாத்திரிகர்கள் ஊருக்குத் திரும்பும்போது பூஜையறையில் மாட்டுவதற்கு வாங்கிப்போன யாத்திரிப் பட்டங்களே அவர்களுக்குச் சோறு போட்டன. ஆகவே, அந்நியருக்குச் சித்திரம் விற்பது நேற்றைக்கு வந்த கெடுதல் அன்று. அந்தக் கலையின் சம்பிரதாயத்திலேயே அது அடக்கம்.

பின்னால் அச்சுக்கூடங்கள் வந்து, மலிவான வர்ணப் படங்கள் கோயில் வாசல்களில் குவிந்தபோது யாத்திரிகர் அவற்றையே வாங்கினார்கள். சித்திரக்காரர் பலர் தூரிகையை வைத்துவிட்டு வயல்வேலைக்கும் வெற்றிலைக்கொடிக்கால் வேலைக்கும் போனார்கள். 1950-களில், தொண்டு ஸ்தாபனமொன்றின் பணியாகக் கணவருடன் ஒடிஸாவுக்கு வந்திருந்த ஹலினா ஜீலி என்னும் அயல்நாட்டு மாது, மங்கிக்கொண்டிருந்த இந்தக் கலையைக் கண்டு வியந்து, கலைஞரை ஊக்கி, சித்திரங்கள் விலைபோவதற்கு வழியும் தேடிக்கொடுத்திராவிட்டால், இன்று நாம் போய்ப் பார்ப்பதற்கு அங்கே அதிகம் மிஞ்சியிருக்காது. வாங்குவோர் ஒதுங்கியபோது வாடிய கலை, வெளியிலிருந்து வந்த ஒருவரின் கண்ணில் பட்டு மறுபடி தழைத்தது. பிரயாணிகளால் கிராமம் கெடுகிறது என்று பொதுப்படப் பேசுகிறவர்கள் இந்தச் சரித்திரத்துக்கு என்ன சமாதானம் சொல்வார்கள்?

மாறாத கிராமம் என்கிற கற்பனைக்குப் பழைய பிதா ஒருவர் இருக்கிறார். 1830-ல் சார்லஸ் மெட்காஃப் என்னும் ஆங்கில அதிகாரி, நம் கிராம சமுதாயங்கள் தமக்கு வேண்டியதை ஏறக்குறைய முழுவதும் தமக்குள்ளேயே வைத்துக்கொண்ட சிறு குடியரசுகள் என்றும், ராஜவம்சங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கவிழ்ந்தாலும் அவை மட்டும் நிலைத்து நிற்கின்றன என்றும் எழுதிவைத்தார். நம்மவர்களுக்கு அது மிகவும் இனித்தது. 1948 நவம்பர் 4-ந் தேதி, அரசியல் நிர்ணய சபையில் அரசியலமைப்பு நகலைச் சமர்ப்பித்துப் பேசிய டாக்டர் அம்பேத்கர், அந்த மெட்காஃபின் வாக்கியங்களையே எடுத்துக்காட்டி, இப்படி மாறாமல் கிடந்ததில் பெருமைப்பட என்ன இருக்கிறதென்று கேட்டார். கிராமம் என்பது குறுகிய மனப்பான்மையும் அறியாமையும் வகுப்புவாதமும் தேங்கிக் கிடக்கிற இடமென்று சபையறியச் சொன்னார். அவர் சொன்னது கடுமையாக இருக்கலாம். ஆனால் ஊர்க்கிணற்றில் யார் தண்ணீர் எடுக்கலாம், யார் எடுக்கக்கூடாது என்கிற கட்டுப்பாடும் அதே பழைய கிராமத்தின் மரபுதான் என்பதை யார் மறுக்க முடியும்? பழமை சற்றும் குலையாத கிராமம் வேண்டும் என்கிறவர், கூரை வீட்டையும் மண் தரையையும் மட்டும் கேட்பதாக நினைத்துக்கொள்கிறார். அவற்றோடு சேர்ந்து வருகிற ஏழ்மையையும் இழிவையும் வேறு யாரோ சுமக்கவேண்டும் என்று கேட்பதாக அவருக்குத் தோன்றுவதில்லை. தம் வீட்டுக்குக் குளிர்சாதனம் வாங்கினவர், சித்திரக்காரர் வீட்டில் மின்விசிறி சுழல்வதைக் கண்டு வருத்தப்படுவது என்ன நியாயம்?

மாறுதலினால் மரபு அழிந்தேபோகும் என்பதற்கும் ரகுராஜ்பூரே பதில் வைத்திருக்கிறது. சிறுவர்கள் பெண்வேஷமிட்டு ஆடுகிற கோட்டிபுவா என்னும் ஆட்டம் அவ்வூரில் வழிவழியாக நடந்துவருகிறது. 1926-ல் அங்கே ஒரு சித்திரக்காரர் குடும்பத்தில் பிறந்து, பிள்ளைப் பிராயத்தில் அந்த ஆட்டத்தைப் பயின்ற கேளுசரண் மஹாபாத்ரர், பிற்காலத்தில் மிருதங்கம் போன்ற பக்காவஜ் வாத்தியத்திலும் கைதேர்ந்து, ஒடிஸி நடனத்தைச் செப்பனிட்டு உலகத்து மேடைகளில் ஏற்றிய ஆசான்களில் தலையாயவராக விளங்கினார். தெருவில் ஆடிய ஆட்டம் தெருவிலேயேதான் இருக்கவேண்டும், கொஞ்சமும் திருத்தக்கூடாது என்று யாராவது அவரைத் தடுத்து வைத்திருந்தால், ஒடிஸிக்கு எவ்வளவு நஷ்டம்!

இதனால் பிரயாணிக்குக் கடமையே இல்லையென்று ஆகிவிடாது. ஒரு திண்ணையில் நான் கண்ட காட்சியைச் சொல்கிறேன். பெரியவர் ஒருவர் பதப்படுத்திய பனையோலை நறுக்குகளை நூலால் கோத்து, எழுத்தாணியால் கீறி, கீறின இடத்தில் கரியைத் தடவித் துடைத்து, தசாவதாரங்களை எழுதி வைத்திருந்தார். வட்டவட்டமாய் ஒட்டியிருந்த சிறு ஓலை மூடிகளை விரல்நுனியால் தூக்கினால், ஒவ்வொன்றின் அடியிலும் இன்னொரு சித்திரம். பார்த்துக்கொண்டிருந்த பிரயாணி, நகரத்து அங்காடியில் சீட்டில் போட்ட விலையை மறுபேச்சின்றிக் கொடுக்கிற கனவான், இதற்குப் பாதி விலை கேட்டதோடு, "மெஷினில் போட்டதா?" என்றும் கேட்டார். பெரியவர் பதில் பேசாமல், எழுத்தாணி அழுந்தி அழுந்திக் காய்த்துப்போயிருந்த விரலை நீட்டிக் காட்டினார். கனவான் அப்போதும் பாதி விலையை விட்டு ஏறவில்லை.

வாசலில் நின்று கூப்பிடுவது தொந்தரவென்று சொல்கிறவர்கள், அந்தக் கூப்பாட்டின் காரணத்தையும் எண்ணவேண்டும். வண்டியில் வருகிறவர்களை ஓட்டுபவர் தமக்குக் கமிஷன் கொடுக்கிற வீட்டிலேயே இறக்கிவிடுகிறார். அரைமணி நேரத்தில் வண்டி கிளம்பிவிடும். கோடி வீட்டுக்காரரிடம் யார் வருவார்கள்? ஓர் இரவு தங்கி, காலையில் தெருக்கோடிவரை நடந்து, நாலு வீட்டில் உட்கார்ந்து பேசி, பிடித்ததை எழுதினவர் கையிலேயே பணத்தைக் கொடுத்து வாங்குகிறவருக்கு அந்தக் கூப்பாடு தொந்தரவாக இருக்கப்போவதில்லை. போட்டோ எடுக்குமுன் அனுமதி கேட்பதும், குளிக்கிற துறையிலும் சமைக்கிற இடத்திலும் காமிராவைத் தூக்காமலிருப்பதும், குழந்தைகளுக்குக் காசு வீசி "ஆடு, ஆடு" என்று ஏவாமலிருப்பதும் தனியே சொல்லித் தரவேண்டிய விஷயங்களா என்ன?

இதைவிட முக்கியமான விஷயம், எந்த நிபந்தனையின்பேரில் வெளியாரை அனுமதிப்பது என்பதை ஊராரே தீர்மானிக்கவேண்டும் என்பது. இதற்கு நம் தமிழ்நாட்டிலேயே முன்மாதிரி இருக்கிறது. வேடந்தாங்கல் ஏரியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் துப்பாக்கியோடு வந்து பறவைகளைச் சுடுவதைப் பொறுக்காத ஊரார், 1798-ல் செங்கற்பட்டுக் கலெக்டரிடம் முறையிட்டு, அதைத் தடுக்க உத்தரவு பெற்றார்கள். பறவைகளின் எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் தங்கள் வயலுக்கு உரமென்பது அவர்கள் அறிந்த கணக்கு. சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடிச் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில், கண்மாய்க்கு வருகிற பறவைகள் மிரளக்கூடாதென்று தீபாவளிக்குக்கூட வெடி வெடிப்பதில்லை. அங்கே போகிற நகரத்துப் பிரயாணி ஊர்க்கட்டுப்பாட்டுக்கு அடங்கித்தான் நடக்கிறார். அதனால் அவருடைய சந்தோஷம் ஒன்றும் குறைந்துவிடவில்லை. ஊர் தன் மரியாதையைத் தானே காத்துக்கொள்ளும் இடத்தில், வருகிறவரும் மரியாதையோடு நடந்துகொள்கிறார்.

சர்க்காருக்கும் ஒரு வார்த்தை. கிராமத்தைச் சுற்றுலாத் தலமாக்குவதென்றால் தோரண வாயிலும் பெயர்ப்பலகையும் சுவர்ச் சித்திரமும் வைத்துத் திறப்புவிழா நடத்துவது என்கிற அளவில் பல இடங்களில் காரியம் நின்றுவிடுகிறது. 2019 மே 3-ந் தேதி ஃபானி புயல் பூரிக்கருகே கரையேறியபோது, ரகுராஜ்பூரில் மரங்கள் சாய்ந்து, கூரைகள் பறந்து, வீட்டுக்குள் சேர்த்துவைத்திருந்த சித்திரங்களும் ஓலைகளும் நனைந்து நாசமாயின. பல மாதத்து உழைப்பு அது. அந்தக் குடும்பங்களுக்கு வேறு முதலும் கிடையாது. தோரண வாயிலுக்குச் செலவிடுகிற பணத்தில், புயலுக்கும் மழைக்கும் தாங்குகிற பொதுச் சரக்கறை ஒன்றைக் கட்டுவதும், சாக்கடையையும் குடிநீரையும் சீர்செய்வதும், வண்டி நிறுத்தக் கட்டணத்தில் ஒரு பங்கு ஊர்ச்சபைக்கே சேரும்படி விதிப்பதும் விளம்பரத்துக்கு உதவாமல் போகலாம். ஊர் நிலைத்திருப்பதற்கு உதவும்.

கிராமத்துக்குப் போகவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இன்னும் அதிகம் பேர் போகவேண்டும், இன்னும் சற்று நிதானமாகத் தங்கவேண்டும் என்பதே என் விருப்பம். ஆனால் அந்தக் கிராமம் தமக்காகப் பழசாகவே இருக்கவேண்டும் என்று கேட்கிற உரிமை மட்டும் போகிறவருக்குக் கிடையாது. சித்திரக்காரரின் மகன் தூரிகையைப் பிடிப்பதா, கல்லூரிக்குப் போவதா, இரண்டையும் செய்வதா என்பது அவன் வீட்டில் தீர்மானமாகவேண்டிய விஷயம். தூரிகையைப் பிடித்தாலும் கௌரவமாகப் பிழைக்கலாம் என்கிற நிலைமையை உண்டாக்க வாங்குகிறவரால் முடியும். அதற்கு அவர் செய்யவேண்டியது, சொன்ன விலையைப் பேரம் பேசாமல் கொடுப்பது.