கோட்டையும் கோல் கம்பமும்

நம் கல்லூரிக் கால்பந்து அணி இவ்வாண்டு எத்தனை ஆட்டங்களில் தோற்றது என்பதை எழுதப் பேனா கூசுகிறது. நானும் அவ்வணியில் பேக் ஆடுகிறவன்; பழியில் எனக்கும் பங்குண்டு. முதல் இரண்டு ஆட்டங்களில் கோல் மழை பொழிந்ததும், இனி அனைவரும் பின்னால் நிற்பது, ஜெயிக்காவிட்டாலும் மானமாவது மிஞ்சட்டும் என்று முடிவு செய்தோம். மானமும் மிஞ்சவில்லை!

ஏன்? பத்துப் பேரும் கோலுக்கு முன்னே குவிந்து நின்றால், நாங்கள் உதைத்து அனுப்பும் பந்தை வாங்க அந்தப் பக்கம் ஆளே இல்லை. போன பந்து போன வேகத்தில் திரும்புகிறது. எதிரணியின் பேக்குகள்கூட அச்சமின்றி நடுக்கோட்டைத் தாண்டி வந்துவிடுகிறார்கள். ஒரு மணி நேரம் தடுத்தோம் என்பது உண்மை. அதன் பிறகு கால்கள் ஓய்ந்து, கோல்கள் வரிசையாக விழுந்ததும் உண்மை.

தடுப்பாட்டமே கூடாது என்று நான் சொல்லவரவில்லை. 2004இல் யாரும் மதிக்காத கிரேக்க அணி தடுப்பாட்டத்தை நம்பியே ஐரோப்பியக் கோப்பையை வென்றது. காலிறுதி, அரையிறுதி, இறுதி மூன்றிலும் 1-0. ஆனால் அந்த மூன்று கோல்களும் முன்னேறிச் சென்று தலையால் முட்டிப் போட்டவை. அவற்றுள் ஒன்றைப் போட்டவர் டெல்லாஸ் என்ற பேக்!

கிரேக்கம் வரை போவானேன்? நம் ஊர் ராஜகிரியே போதுமே. முகலாயத் தளபதி சுல்பிகர் கான் 1690இல் செஞ்சியை முற்றுகையிட்டான். கோட்டை விழ 1698 ஆயிற்று. இத்தனை ஆண்டும் காத்தவை மூன்று மலைகளும் மதில்களும் மட்டுமா? வெளியே சந்தாஜியும் தனாஜியும் குதிரைப்படையுடன் சுற்றி, முற்றுகையிட்டவர்களுக்குத் தானியம் வரும் வழிகளை வெட்டினார்கள். 1693ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் சுல்பிகர் கானே வந்தவாசிக்குப் பின்வாங்க நேர்ந்தது. (இயற்பியல் மாணவன் வரலாறு பேசுவதை அத்துறைப் பேராசிரியர்கள் பொறுத்தருள்க.)

நம் அணிக்குச் சந்தாஜி யார்? வேகமாக ஓடக்கூடிய இருவர் இருக்கிறார்கள். அவர்களையும் கோல் கம்பத்தருகே நிறுத்தி வீணடிக்கிறோம். பந்து நம் பக்கம் இருக்கும்போதும் அவர்கள் நடுக்கோட்டிலேயே நிற்கட்டும். அவர்களைக் காவல் காக்க எதிரணியில் மூவராவது பின்தங்கியாக வேண்டும். நம் பேக்குகள் அப்போதுதான் மூச்சு விட முடியும்.

இதற்குப் பயிற்சி வேண்டும். மாலையில் பேருந்தைப் பிடிக்கப் பாதிப் பேர் ஓடிவிடுகிறோம். தொண்டூர்க்காரனாகிய நானும் அதில் சேர்த்தி. கிடைக்கும் அரை மணியில் மைதானத்தைச் சுற்றி ஓடுவதை விட்டு, தடுத்த பந்தை அவ்விருவர் காலடிக்கு அனுப்பிப் பழகுவோம். அடுத்த ஆட்டத்தில் நான்கு கோல் வாங்கினாலும், ஒன்றைப் போட்டுவிட்டு வாங்குவோமே!