கோழி அறுத்த வீடு

அமெரிக்காவின் செயின்ட் லாரன்ஸ் பல்கலைக்கழகம் 1974 முதல் கென்யாவுக்கு மாணவர்களை அனுப்பிவருகிறது. நைரோபியில் வகுப்புகள், இடையே சில நாட்கள் கிராமத்து வீடுகளில் வாசம். இப்படிப் போகும் மாணவர்களுக்கு, உதவப் போகிறோம் என்ற நினைப்பு முதல் நாளே கழன்றுவிடுகிறது. தலையில் ஏற்றிய தண்ணீர் பாதி வழியில் சிந்திவிட, வீட்டுச் சிறுமி சிரித்தபடி வாங்கிச் சுமக்கிறாள். உகாலி என்ற மக்காச்சோளக் களியைக் கையால் உருட்டவும் வராது. பிள்ளைகள் 'முசுங்கு' என்று கூவுகிறார்கள். வெள்ளைக்காரர் என்று பொருள். சுற்றி அலைவதைச் சொல்லும் ஸ்வாஹிலி வினையிலிருந்து பிறந்த சொல். பொருத்தம்தான்.

ஊர் திரும்பியபின் வறுமையைவிட அதிகம் உறுத்துவது உபசரிப்பு. தனக்காகக் கோழி அறுத்த வீட்டில், பிள்ளைகளின் தட்டில் என்ன இருந்தது என்று பார்க்காமலே சாப்பிட்டு முடித்தது. கடிதம் எழுதுவதாகச் சொல்லி வந்தவர்களில் எத்தனை பேர் எழுதினார்கள் என்பது அந்த வீட்டு அம்மாக்களுக்குத்தான் தெரியும்.