மூலப் பதிவைக் குறைத்தல் தகுமா?

நாட்டுப்புறப் பாடல்களையும் வட்டார வழக்குகளையும் பறவைகளின் குரல்களையும் பதிவு செய்யும் களப்பணியாளரும் ஆசிரியரும் இன்று பலர் உளர். அவர்களுள், சேமித்தல் எளிதென்று கருதி மூலப் பதிவையே எம்.பி.3 போன்ற சுருங்கிய வடிவில் வைத்துக்கொள்வோரும் உண்டு. இது தகாது என்பதே எமது கருத்து.

காரணத்தை உணரக் குறுந்தட்டின் அமைப்பை நோக்குதல் நலம். பிலிப்ஸ், சோனி என்னும் நிறுவனங்கள் 1980இல் வகுத்த முறைப்படி, 1982இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது இவ்வொளித்தட்டு. இதில் ஒலியலை வினாடிக்கு 44,100 முறை அளக்கப்படுகிறது. ஓர் அலையை எண்களிலிருந்து மீண்டும் பெற, அதன் அதிர்வெண்ணைப்போல் இரு மடங்குக்கு மேல் அளத்தல் வேண்டும். மனிதச் செவியின் உச்ச வரம்பு வினாடிக்குச் சுமார் 20,000 அதிர்வுகளாதலின் இவ்வளவு போதுமானது. ஒவ்வோர் அளவும் 65,536 படிகளுள் ஒன்றாக, 16 இரும இலக்கங்களில் எழுதப்படுகிறது. இடம், வலம் இரண்டிற்கும் சேர்த்து வினாடிக்கு 14,11,200 இலக்கங்கள் ஆகின்றன. அளந்தவற்றுள் எதுவும் விலக்கப்படுவதில்லை.

எம்.பி.3 முறையோ, உரத்த ஒலியால் மறைந்து செவிக்கு எட்டா என்று கணிக்கப்படும் நுண்ணொலிகளை நீக்கிவிடுகிறது. வினாடிக்கு 1,28,000 இலக்கங்கள் கொண்ட பதிவு, குறுந்தட்டின் அளவில் பதினொன்றில் ஒரு பங்கே. கேட்டு மகிழ்வதற்கு இது குற்றமன்று. ஆயின் ஆராய்ச்சியாளர் செவியை மட்டும் நம்புவதில்லை; கருவிகொண்டு அலையைப் பகுத்து நோக்குகிறார். சொல்லின் இறுதியில் தேயும் ஒலியும், தொலைவில் கூவும் மற்றொரு பறவையின் குரலும் அவருக்குச் சான்றுகளாகும். நீக்கிய பதிவைப் பின்னர்க் குறுந்தட்டில் எழுதினாலும் இழந்தது திரும்பாது.

1913 முதல் 1929 வரை இந்திய மொழிகள் பலவற்றின் பேச்சு, இந்திய மொழியியல் ஆய்வின் பொருட்டுக் கிராமபோன் தட்டுகளில் பதியப்பட்டது. பிற்காலத்தார் அவற்றிடம் என்னென்ன வினாக்களை எழுப்புவர் என்பதை அன்று பதிந்தோர் முற்றும் அறிந்திருக்க இயலாது. நம் நிலையும் அதுவே. எது வேண்டும், எது வேண்டாம் என்று இன்றே முடிவு செய்ய நமக்கு உரிமையில்லை.

இடம் மிகுதியாக வேண்டுமே என்பர் சிலர். குறுந்தட்டின் முறையில் ஒரு நிமிடப் பதிவு 1 கோடியே 5 லட்சம் பைட்டுகளுக்கு மேல் கொள்ளும் என்பது உண்மையே. எனினும் எண்களில் ஒன்றையும் இழக்காமல் சுருக்கும் பிளாக் போன்ற முறைகள் உள்ளன. அவற்றில் பெரும்பாலும் பாதியளவு இடமே போதுமாகிறது.

தட்டையும் நிலையானதென்று நம்பலாகாது. எழுதத்தக்க குறுந்தட்டின் சாயப்படலம் ஒளியாலும் வெப்பத்தாலும் கெடக்கூடும். ஆகவே கருவியில் வேவ் வடிவைத் தேர்ந்து பதிக. இடமும் நாளும் குறித்து, இரு படிகளை இரு வேறு இடங்களில் வைக்க. பிறருக்கு அனுப்பும் படியைச் சுருக்கலாம். மூலத்தைக் குறைத்தல் வேண்டா.