ரப்பர் தோட்டத்தில் 15 மி.மீ.

காரக்கோணம் பக்கத்து ரப்பர் தோட்டத்துக்குள் ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவும் 15 மி.மீ. லென்ஸுமாக நுழைந்தால், முதலில் கவனிக்க வேண்டியது கேமராவின் மட்டம். சற்றே அண்ணாந்தாலும் வரிசை மரங்களெல்லாம் உச்சியில் ஒன்றையொன்று நோக்கிச் சாயும். 1999-இல் கொசினா வெளியிட்ட ஃபோக்ட்லெண்டர் ஹீலியார் 15 மி.மீ. லென்ஸ் 110 பாகை அகலத்தை அள்ளியது. ரேஞ்ச்ஃபைண்டரோடு அதற்கு இணைப்பே கிடையாது. அதைக் குறை என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. எஃப் 8-இல் ஃபோகஸை ஒரு மீட்டருக்கு வைத்துவிட்டால், அரை மீட்டர் முதல் அடிவானம்வரை தெளிவுதானே! உண்மையான தொல்லை வேறு: டிஜிட்டல் லைக்கா கேமராவில் இந்த லென்ஸின் பழைய வடிவம் படவோரங்களில் ஊதா பூசிவிடும். 2015-இல் வந்த மூன்றாம் வடிவம் அதைப் பெரிதும் சரிசெய்தது, எடையைக் கூட்டிக்கொண்டு. ஃபிலிமில் எடுப்பவருக்கு (இன்னும் சிலர் இருக்கிறார்கள்) பழையதே போதும். மிச்சப் பணத்துக்கு ஃபிலிம் சுருள் வாங்கலாம்.