கோடு மட்டும் வாகனத்தை நிப்பாட்டாது

ரோட்டில ஒருத்தர் அடிபட்டால் எங்கட ஆக்கள் முதல் கேட்கிறது, "பாத்துக் கடக்கேல்லையோ?" என்றுதான். அந்த ரோட்டு எப்படிப் போடப்பட்டிருக்கு என்று யாரும் கேட்பதில்லை.

திருகோணமலையிலிருந்து குச்சவெளி தாண்டிப் புல்மோட்டைக்குப் போகிற வீதியில்தான் திரியாய்ச் சந்தி இருக்கு. யுத்தம் முடிஞ்ச பிறகு அந்த வீதிக்குப் பாலங்களும் காபட்டும் வந்தன. ஆஸ்பத்திரிக்கும் கம்பசுக்கும் போற நேரம் குறைஞ்சது, சந்தோஷம். ஆனால் வாகனத்தின் வேகமும் கூடினது. பஸ்ஸில போய் வாற எவரும் போகும்போதோ வரும்போதோ ஒருக்கா அந்த வீதியைக் கடந்தே ஆகவேணும். பள்ளிக்கூடப் பிள்ளையளும்தான்.

கணக்கைப் பாருங்கோ. இலங்கையில் காருக்கான வேக எல்லை ஊர்மனைக்குள் மணிக்கு 50 கிலோமீட்டர், வெளியே 70. ஆளைக் கண்டு பிரேக்கில கால் வைக்க ஓட்டுநருக்கு ஒரு செக்கன் போகும் என்று வைத்தால், காய்ந்த ரோட்டிலேயே 70இல் வாற கார் நிற்க ஏறத்தாழ 47 மீட்டர் வேணும். 50இல் 28, 30இல் 13. அதாவது 30இல் வந்தவர் நின்றுவிடுகிற இடத்தில், 50இல் வந்தவர் இன்னும் பிரேக்கே பிடிக்கவில்லை. 2020இன் ஸ்டொக்ஹோம் பிரகடனம் ஆக்களும் வாகனமும் கலக்கிற இடத்தில் 30 என்று சொன்னது இதனால்தான்.

ஆகவே கோடு கீறினால் போதாது. கடவையை வேகத்தடை மாதிரி மேடையாக உயர்த்த வேணும்; எவ்வளவு அவசரமென்றாலும் ஓட்டுநர் மெதுவாக்கித்தான் ஏறுவார். பஸ் தரிப்பிடம் கடவையைத் தாண்டி இருக்க வேணும். அப்பதான் இறங்குகிறவர் நிற்கிற பஸ்சுக்கு முன்னால் மறைந்து கடக்க வேண்டிவராது. இரவுக்கு ஒரு லைட்டும் வேணும்.

"ஒரு சின்ன ஊருக்காகப் பெரிய ரோட்டை மெதுவாக்கிறதோ?" என்று கேட்பார்கள். 300 மீட்டர் தூரத்தை 70இல் போகாமல் 30இல் போனால் கூடுதலாகச் செலவாவது ஏறத்தாழ 20 செக்கன். அவ்வளவுதான்.

இது பி தர வீதி. பிரதேச சபை நினைத்தாலும் தனியாகச் செய்ய ஏலாது. பொறுப்பு வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு. லீவுக்கு ஊருக்கு வாற கம்பஸ் பிள்ளையள் நாலு பேர் சேர்ந்து, காலையில பள்ளிக்கூட நேரத்தில் ஒரு மணித்தியாலம் சந்தியில நின்று, எத்தனை பேர், எந்த இடத்தால கடக்கினம் என்று எண்ணுவம். அந்தக் கணக்கோட கடிதம் எழுதுவம். "பாத்துக் கட" என்று பிள்ளைக்குச் சொல்கிறதோட எங்கட வேலை முடியேல்லை.