சாய்தளத்துக்கு முன் ஒரு பட்டியல்

ஓர் உள்ளாட்சி அலுவலகத்தின் வாசலில் மூன்று படிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு படி 15 செ.மீ. என்றால் மொத்த உயரம் 45 செ.மீ. ஓர் அடி ஏற 12 அடி நீளம் வேண்டும் என்பதுதான் சாய்தளத்துக்குப் பரவலாக ஏற்கப்பட்ட அளவு. அந்தக் கணக்கில் இங்கே 5.4 மீட்டர் நீளச் சாய்தளம் தேவை. ஒன்றரை மீட்டரில் சிமென்ட் பூசி முடித்தால் சரிவு மூன்றரை மடங்குக்கும் மேல் செங்குத்தாகிவிடும். சக்கர நாற்காலியில் வருபவர் அதில் தானாக ஏற முடியாது. பின்னாலிருந்து தள்ள ஆள் வேண்டும், இறங்கும்போது கவிழாமல் பிடிக்கவும் ஆள் வேண்டும். ஆனால், பதிவேட்டில் அது ‘சாய்தளம் அமைக்கப்பட்டது’ என்றே இடம்பெறும். மாற்றுத்திறனாளிகளுக்கான கடமையை உள்ளாட்சி அமைப்புகள் நிறைவேற்றும் விதத்தில் உள்ள அடிப்படைக் கோளாறு இதுதான்: வேலை நடந்ததா என்று பார்க்கிறார்கள், வழி திறந்ததா என்று பார்ப்பதில்லை.

சட்டம் இதைவிடத் தெளிவாக இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்கள் அனைத்தையும், விதிகள் வெளியானதிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் தடையற்றவையாக மாற்றச் சொன்னது. விதிகள் 2017 ஜூனில் வெளிவந்தன; கெடு 2022 ஜூனில் முடிந்தது. அதிகம் பேசப்படாத இன்னொரு கடமையும் அதே 45ஆம் பிரிவில் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையம், மருத்துவமனை, பள்ளி, ரயில் நிலையம், பேருந்து நிறுத்தம் போன்ற இடங்களை எந்த வரிசையில் சீரமைக்கப் போகிறோம் என்ற செயல்திட்டத்தை அரசும் உள்ளாட்சி அமைப்புகளும் வகுத்து வெளியிட வேண்டும். ‘வெளியிட வேண்டும்’ என்ற சொல்லில்தான் சட்டத்தின் உயிர் இருக்கிறது. பட்டியல் மக்கள் கையில் இருந்தால்தான் எது விடுபட்டது, எது தள்ளிப்போனது என்று கேட்க முடியும்.

பட்டியல் எவ்வளவு முக்கியம் என்பதற்கு அமெரிக்க அனுபவம் சான்று. அங்கு 1990ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தை ஒட்டி வந்த விதிகள், 50 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்களைக் கொண்ட உள்ளாட்சிகளுக்கு நான்கு கேள்விகளை வைத்தன: தடை எங்கே, எப்படி நீக்குவீர்கள், எப்போது முடிப்பீர்கள், பொறுப்பான அதிகாரி யார்? சட்டம் வந்ததும் எல்லா நகரங்களும் திருந்திவிடவில்லை. சாக்ரமென்டோ நகரத்தின் நடைபாதைகள் நீதிமன்றம் வரை சென்றன. நடைபாதையைப் பராமரிப்பதும் நகராட்சியின் சேவைதான், அதுவும் இந்தச் சட்டத்துக்குள் அடங்கும் என்று 2002இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பின்னர் ஏற்பட்ட உடன்பாட்டில், போக்குவரத்து நிதியில் 20 சதவீதத்தை 30 ஆண்டுகள் வரை இதற்காக ஒதுக்க நகரம் ஒப்புக்கொண்டது. 30 ஆண்டு என்பது நீண்ட காலம்தான். ஆனால், தொடக்கமும் முடிவும் கணக்கும் உள்ள காலம் அது.

நிதி எங்கே என்பது உள்ளாட்சிகள் தரப்பின் முதல் கேள்வி. ஊரிலுள்ள எல்லாக் கட்டடத்தையும் ஒரே ஆண்டில் இடித்துக் கட்ட முடியாது என்பது உண்மை; அதனால்தான் சட்டமே முன்னுரிமை வரிசை கேட்கிறது. புதிய தடைகளை அனுமதிக்காமல் இருக்கவோ தனி நிதி தேவையில்லை. விதிகளுக்குப் பொருந்தாத வரைபடத்துக்குக் கட்டட அனுமதியும், பொருந்தாத கட்டடத்துக்கு நிறைவுச் சான்றும் தரக் கூடாது என்கிறது 44ஆம் பிரிவு. வரைபடத்தில் ஒரு கோட்டை மாற்றுவது, கட்டிய சுவரை இடிப்பதைவிட மலிவு. மழைநீர் வடிகாலுக்காக எப்படியும் நடைபாதையைத் தோண்டுகிறோம். திரும்பப் போடும்போது சந்திப்புகளில் சரிவு கொடுப்பதும், பார்வையற்றவர் மின்பெட்டியில் போய் முட்டாதபடி தொடுஉணர் ஓடுகளைப் பதிப்பதும் அதே மதிப்பீட்டுக்குள் வர வேண்டிய வேலைகள். பராமரிப்பும் அப்படித்தான். 2022 நவம்பர் இறுதியில் சென்னை மெரினாவில் மாற்றுத்திறனாளிகளுக்காகத் திறக்கப்பட்ட மரப்பாதை, அடுத்த இரு வாரங்களுக்குள் மாண்டஸ் புயலில் சேதமடைந்து பின்னர் சீரமைக்கப்பட்டது. அமைப்பதோடு கடமை முடிவதில்லை என்பதற்கு இதுவே பாடம்.

‘எத்தனை பேர் வரப்போகிறார்கள்?’ என்பது அடுத்த கேள்வி. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மட்டும் மாற்றுத்திறனாளிகள் சுமார் 11.8 லட்சம் பேர். அவர்கள் அலுவலகத்தில் கண்ணில் படவில்லை என்றால், தேவை இல்லை என்று பொருளல்ல. வர வழியில்லை என்றே பொருள். பாலம் இல்லாத ஆற்றைக் கடப்பவர்களை எண்ணிப் பார்த்துவிட்டு, பாலம் வேண்டாம் என்று யாரும் முடிவெடுப்பதில்லை. மேலும், அதே சாய்தளம் மூட்டுவலியுள்ள முதியவருக்கும் கர்ப்பிணிக்கும் குழந்தை வண்டி தள்ளிவருபவருக்கும் பயன்படும்.

அணுகல்தன்மையில் விருப்பத்துக்கு விட முடியாத அடிப்படை அளவுகள் உண்டு, அவற்றைக் கட்டாய விதிகளாக்க வேண்டும் என்று 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டப்பேரவை, உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்கத் திருத்தச் சட்டங்களை நிறைவேற்றியது. நல்ல முடிவு. அந்த உறுப்பினர் ஏறும் மன்ற வாசலிலிருந்தே பட்டியல் தொடங்கட்டும். உங்கள் ஊராட்சியிலோ நகராட்சியிலோ அந்தச் செயல்திட்டம் வெளியிடப்பட்டிருக்கிறதா? அடுத்த கிராம சபையில், வார்டு கூட்டத்தில் அதைக் கேளுங்கள். இல்லை என்றால், எந்தத் தேதியில் வரும், யார் பொறுப்பு என்று எழுத்தில் பதில் பெறுங்கள்.